ஆணி நிற்கிற சுவர்

நான் ஹார்ட்வெயார் கடைக்காரன். ஆலங்குடாச் சந்தியில் சீமெந்து, கம்பி, தகரம், பெயின்ற் விற்று வயிறு வளர்ப்பவன். மண் வீடு ஒன்றைப் புகழ்ந்து எழுத எனக்கென்ன விசரா என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி நபீலா ஏற்கெனவே கேட்டுவிட்டாள். "தன்ட கடைக்குத் தானே பூட்டுப் போடுற ஆள இப்பதான் பாக்கிறன்" என்றாள். பரவாயில்லை. இந்த அறுபத்திரண்டு வயதுக்குள் நான் வாயைப் பிளந்து பார்த்தவை மிகக் கொஞ்சம். அதில் ஒன்றையாவது எழுதி வைக்க வேண்டும். அதோடு, அந்த வீட்டுக்கு நான் ஓர் அநியாயம் செய்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் போனால் நெஞ்சு ஆறாது.

அது ஸக்கியாவின் வீடு. நெய்னாரின் வீடும்தான், கணவனும் மனைவியும் சேர்ந்து கட்டியது. ஆனால் நெய்னாரிடமே கேட்டுப் பாருங்கள். "அது அவட வீடு காக்கா, நான் கூலியாள்" என்பான். காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன்.

ஸக்கியா எங்கள் ஊரில் பிறந்தவள் இல்லை. தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை இயக்கம் வெளியேற்றியபோது, மன்னார்த் தீவிலிருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கிய ஆயிரக்கணக்கானவர்களில் ஒருத்தி. அப்போது வயது பதினாறு. தோளில் ஒரு காக்கிப் பை. காணி உறுதி, குடும்ப அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் அவளுடைய வாப்பா அதில் திணித்து, "இத மட்டும் விட்டுடாத மகள்" என்று தோளில் மாட்டிவிட்டாராம். வாப்பா அகதி முகாமிலேயே மௌத்தாகிவிட்டார். பை மட்டும் அவள் தோளை விட்டு இறங்கவில்லை. வெங்காயத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போனாலும் பையோடு போவாள். என் கடைக்கு வந்தாலும் பையோடு வருவாள். படுக்கும்போது தலைமாட்டில் வைத்துக்கொள்வாளாம். ஊரில் ஸக்கியா என்றால் பலருக்குத் தெரியாது. 'பைக்காரப் புள்ள' என்றால் எல்லாருக்கும் தெரியும்.

வருடக்கணக்காக முகாமில் தென்னங்கிடுகுக் குடிசையில் இருந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஓலைச் சுவரில் எதையும் மாட்ட முடியாது. மணிக்கூடு, கண்ணாடி, கலண்டர், சட்டை, எதையும்தான். எல்லாம் சாக்கிலும் பையிலும் கட்டி மூலையில் கிடக்கும், நாளைக்கே கிளம்பப் போகிறவர்களின் சாமான் மாதிரி. தொண்ணூற்றேழில் நெய்னார் ஸக்கியாவை முடித்தான். அவனும் அதே வள்ளங்களில் வந்தவன்தான். மேசன் வேலை பழகியவன். கல்யாணத்துக்கு யாரோ ஒரு மணிக்கூடு கொடுத்திருக்கிறார்கள். குடிசையில் எங்கே மாட்டினாலும் அது ஓலையையும் இழுத்துக்கொண்டு கீழே வந்தது. மூன்றாம் முறை விழுந்து கண்ணாடி உடைந்தபோது புதுப்பெண் அழுதுவிட்டாள். நெய்னார் பதறிப்போய், "அழாத. ஆணி அடிச்சா நிக்கிற சுவரோட ஒனக்கு ஒரு வீடு கட்டித் தாறன்" என்று சொல்லிவிட்டான்.

புதுமாப்பிள்ளைகள் சொல்வதைப் பெண்கள் மறந்துவிட்டால் உலகத்தில் பாதிச் சண்டை இருக்காது. ஸக்கியா மறக்கவில்லை.

யுத்தம் முடிந்தபின் முகாம்களில் ஒரே கதைதான். போவதா, இருப்பதா? அவர்கள் இருவரும் மகள் ஸஃப்னாவையும் கூட்டிக்கொண்டு மன்னாருக்குப் போய்ப் பார்த்தார்கள். வீடு இருந்த இடத்தில் உடைமரம் காடாக மண்டிக் கிடந்ததாம். கிணறு எங்கே என்றுகூடக் கண்டுபிடிக்க முடியவில்லையாம். மகளின் பள்ளிக்கூடம் இங்கே, அவனுடைய வேலை இங்கே. இங்கேயே இருப்பது என்று திரும்பி வந்தார்கள். முகாமுக்குப் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு துண்டுக் காணி இருந்தது. ஸக்கியா வாய்விட்டுக் கேட்டாள், "இப்பவாவது கட்டுவமா?"

"கட்டுவம்" என்றான் நெய்னார். "மண்ணால கட்டுவம்."

அவனைக் குறை சொல்லவும் முடியாது. இடம்பெயர்ந்தவர்களுக்கான வீட்டுத் திட்டங்களில் அவன் நூற்றுக்கு மேல் வீடு கட்டியிருக்கிறான். சீமெந்துக் கல்லுச் சுவர், தகரக் கூரை. பாதிச் சாமான் என் கடையில் எடுத்ததுதான். மத்தியானத்தில் அந்த வீடுகளுக்குள் மனிதன் இருக்க முடியாது. வீட்டுக்காரர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வேப்பமரத்தடியில் இருப்பார்கள். தான் கட்டிக்கொடுத்த வீட்டுக்குள் ஒரு பிள்ளைத்தாச்சி வெக்கை தாங்காமல் மயங்கி விழுந்ததை நெய்னார் கண்ணால் பார்த்திருக்கிறான். அதற்குப் பிறகு அவனுக்கு அந்த வேலையில் மனம் ஒட்டவில்லை.

அப்புறம் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் வேலைக்குப் போனான். சோளகக் காற்றுக்காலத்தில், பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு கடலில் சறுக்கி விளையாட வரும் வெள்ளைக்காரர்களுக்காக அங்கே மண் சுவரும் கிடுகுக் கூரையுமாகக் குடில்கள் கட்டினார்கள். எங்கள் சனம் இருபது வருடம் வெறுத்துக்கொண்டு படுத்ததில் வெள்ளைக்காரன் ஆசைப்பட்டு வந்து படுக்கிறான். ஆனால் அந்தச் சுவர் ஒரு முழத் தடிப்பு. உள்ளே விசிறி இல்லாமல் மத்தியானம் தூங்கலாம். நெய்னார் அந்தச் சுவரில் கையை வைத்துக்கொண்டே மனதுக்குள் உறுதியாக நிய்யத்து வைத்துவிட்டான். ஆற்றைத் தோண்டாத, காட்டை வெட்டாத, விசிறி கேட்காத ஒரு வீடு. பார்க்கிறவர்களில் நாலு பேராவது அதைப் போலக் கட்ட வேண்டும்.

ஸக்கியா மூன்று நாள் அவனோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் கதைத்தாள்.

"ஓலைக்குள்ள மண் தரையில இரிந்துதான் இவ்வளவு நாளும் பட்டன். திரும்பவும் மண்ணுக்கே போகச் செல்றீங்களா? ஆக்கள் என்ன கதைப்பாங்க? அகதி கடைசி வரைக்கும் அகதிதான் என்டு கதைப்பாங்க."

 அடுத்த நாள் மத்தியானம் நெய்னார் அவளை ஹோட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஆள் இல்லாத குடில் ஒன்றுக்குள் உட்கார வைத்தான். வெளியே மணல் காலைச் சுட்டது. அவள் உள்ளே ஒரு மணித்தியாலம் சுவரில் சாய்ந்தபடி இருந்தாள். வெளியே வந்து சொன்னது இவ்வளவுதான்:

"சரி. ஆனா ஆணி நிக்கோணும். நிக்காட்டி அந்த வீட்டுக்குள்ள நான் கால் வெக்க மாட்டன்."

அதற்கு அடுத்த நாள் அவள் என் கடைக்கு வந்தாள். வீடு கட்டப் போகிறவர்கள் கடைக்குள் வந்தால் எனக்கு வாயெல்லாம் பல். ஆனால் மண் வீட்டுக் கதை அதற்கு முன்பே என் காதுக்கு வந்துவிட்டது.

"காக்கா, மூண்டிஞ்சி ஆணி ஒண்டு தாங்க."

"ஒரு கிலோவா?"

"இல்ல. ஒண்டு காணும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கழிவு ஆணி போட்டு வைக்கிற டின்னைக் குடைந்து, துருப்பிடித்து வளைந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். "மண் வீட்டுக்கு இது காணும்" என்றேன். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் ஆணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.  பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு அவர்கள் செய்ததை நான் தூர நின்று பார்த்தேன். ஆரம்பத்தில் பகிடிக்காகத்தான் பார்த்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

எங்கள் பக்கம் முழுக்க மணல். மணலில் உப்பு. உப்பு மணலால் சுவர் வைத்தால் அது வாழ்நாள் முழுக்க ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், பூச்சு நிற்காது. ஆற்று மணல் வாங்கலாம், ஆனால் நெய்னார் அதைத் தொட மாட்டேன் என்றுவிட்டான். "ஆத்தத் தோண்டி எனக்கு வீடு வாணாம் காக்கா." தங்கள் காணி மணலையே மேடான இடத்தில் முழங்கால் உயரத்துக்குப் பரப்பினார்கள். அப்படியே விட்டார்கள். வாடைக் காற்றோடு மழை தொடங்கி ஒரு மாரி முழுக்க அதன்மேல் பெய்தது. நாலு மாதம்! வீடு கட்டுகிறவன் மழையைத் திட்டுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். மழைக்கு நன்றி சொல்லி உட்கார்ந்திருந்தவர்களை அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு வெள்ளியும் ஸக்கியா மணல் மேட்டின் நடுவில் கையை விட்டு, அடி மணலை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பாள். துப்புவாள். தலையை ஆட்டுவாள். தை மாதத்தில் ஒரு நாள் நான் மோட்டார் சைக்கிளில் போகும்போது அவள் துப்பிவிட்டுச் சிரித்ததைக் கண்டேன். "உப்புப் போயிட்டு!" என்று வேலிக்கு மேலால் எனக்குச் சொன்னாள், ஏதோ நான் அதற்காகவே காத்திருந்தவன் மாதிரி.

மதுரங்குளிப் பக்கம் குளம் ஒன்றைத் தூர் வாரினார்கள். அந்தக் களிமண்ணை ட்ரக்டரில் கொண்டுவந்தார்கள். மணலும் களியும் கலந்து, தண்ணீர் விட்டு, மூவரும் மிதித்தார்கள். கதவுகளுக்கு உடப்புக் கிராமத்திலிருந்து பலகை வந்தது. அங்கே உருத்திரமூர்த்தி என்ற மீனவர், கரையில் உக்கிக் கிடந்த தன் பழைய மரவள்ளத்தில் நல்ல பலகைகளைக் கழற்றிக் கொடுத்தார். "வள்ளத்துல வந்த ஆக்கள்தானே, வள்ளத்தாலேயே கதவு போடுங்கோ" என்றாராம். சிலாபம் பக்கம் இடித்த பழைய பங்களா ஒன்றின் ஓடுகள் கூரைக்கு வந்தன. கூரைத் தண்ணீர் முழுக்க ஒரு தொட்டிக்குப் போக வழி. குளிக்கிற, தொழுகைக்கு முன் வுழூ செய்கிற தண்ணீர் வாழைக்கும் முருங்கைக்கும் போக வழி. என் கடையிலிருந்து போனது ஒரு ஆணி. அதுவும் வளைந்த ஆணி.

அந்த ஆணிதான் அவளுடைய தராசு. முதலில் தனி மண்ணால் ஒரு சோதனைச் சுவர் வைத்தார்கள். காய்ந்ததும் ஸக்கியா ஆணியைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, அடித்து, ஒரு வாளியை மாட்டினாள். ஆணி ஒரு கைப்பிடி மண்ணோடு கீழே வந்தது. பிறகு ஹோட்டலில் பழக்கிய முறையில், மண்ணோடு மாட்டுச் சாணி கலந்து மூன்று விரல் தடிப்புக்குப் பூசினார்கள். அடித்தாள். நின்றது. வாளி நிறையத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டாள். அடுத்த நாளும் நின்றது. அன்று அவர்கள் வீட்டில் வட்டிலப்பம் செய்து அயலுக்கெல்லாம் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. நல்ல ருசி. அதைத் தின்றுவிட்டுத்தான் பின்னால் அந்த வேலையைச் செய்தேன்.

சுவர் எழும்பியது. ஓடு போட்டார்கள். நாலு அறைக்கும் உள்ளும் புறமும் ஸக்கியாவே சாணி கலந்த பூச்சைப் பூசி முடித்தாள். சுண்ணாம்பு அடிப்பது மட்டும் பாக்கி. ஊர் அதைப் பார்க்கத் தொடங்கியது. பகிடி குறைந்தது. என் கடைக்கு வந்தவர்களில் மூன்று பேர், "மண்ணால கட்டினா என்ன?" என்று என்னிடமே கேட்டார்கள். ஒருத்தர் சொல்லி வைத்திருந்த தகரத்தை வேண்டாம் என்றார். என் வயிறு எரிந்தது.

அடுத்த வெள்ளி, ஜும்ஆ முடிந்து தேத்தண்ணிக் கடையில் பத்துப் பேர் இருந்தோம். அந்த வீட்டைப் பற்றித்தான் கதை. எல்லாரும் புகழ்ந்தார்கள். நான் தொப்பியைச் சரி செய்துகொண்டு, பெரிய பக்திமான் மாதிரிக் கேட்டேன்:

"எல்லாம் சரிதான். சாணி பூசின சுவருக்குள்ள தொழுகை கூடுமா?"

எல்லாரும் கோப்பையைக் கீழே வைத்தார்கள். எங்கள் மத்ஹபின் மார்க்கச் சட்டப்படி சாணி நஜீஸ், அசுத்தம். அது ஸக்கியாவுக்கும் நெய்னாருக்கும் தெரியாததல்ல. தரையில்தானே பார்க்க வேண்டும், சுவரில் என்ன, மேலே சுண்ணாம்பு வருகிறதுதானே என்று இருந்துவிட்டார்கள். ஆணி நின்ற சந்தோஷத்தில் யாரிடமும் கேட்கவும் இல்லை. நான் கேட்டுவிட்டேன். அஸர் தொழுகைக்குள் கதை ஊரைச் சுற்றியது. மஃரிபுக்குள் அது வளர்ந்து, அந்த வீட்டில் தண்ணீர் குடிக்கலாமா என்பது வரை வந்துவிட்டது.

நெய்னார் பள்ளிவாசல் மௌலவியிடம் ஓடினான். அவர் நிதானமான மனிதர். "சாணி நஜீஸ்தான். ஆனா பாய் விரிச்சுத் தொழுதாக் கூடும். அதுல உடுப்பும் உடம்பும் படாமப் பாத்துக்கொள்ளுங்க" என்றார். நெய்னார் மூச்சு விட்டான். அந்த நிம்மதியோடு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான். அவள் சொன்ன பதிலை அவனே பிறகு என்னிடம் சொன்னான்.

"ஆனா, ஆனா என்டு செல்லிச் செல்லி இரிக்கிற வீடு எனக்கு வாணாம். இந்தச் சுவர்ல நான் சாஞ்சு இரிந்து குர்ஆன் ஓதோணும். வாற ஆக்கள் கையால தொட்டுப் பாக்கோணும். தொட யோசிக்கிற சுவர ஆரு பாத்து ஆரு கட்டுவாங்க?"

"ஆணி நிண்ட சுவர் புள்ள இது" என்றானாம் நெய்னார். அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"தெரியும்" என்றாளாம். "எனக்குத் தெரியாதா?"

அடுத்த நாள் காலை அவள் மண்வெட்டியை எடுத்தாள்.

நல்ல பூச்சு எவ்வளவு பிடிக்குமோ, உரிக்கும்போது அவ்வளவு படுத்தும். நாலு அறை, உள்ளும் புறமும். பூச்சை மட்டுமல்ல, அதற்கு உள்ளே அரை விரல் ஆழத்துக்குச் சுவரையும் சேர்த்தே செதுக்கினாள். இருபத்தாறு நாள் எடுத்தது. அதில் பாதி நோன்பு மாதம். நோன்போடு, வாயில் துணியைக் கட்டிக்கொண்டு, புழுதியில் தலை முதல் கால் வரை மண்ணாய் நின்று அவள் செதுக்கியதை நான் ரோட்டிலிருந்து பார்த்தேன். உரித்ததையெல்லாம் நெய்னார் வெங்காயத் தோட்டத்துக்குப் பசளையாக இறைத்தான். என் வாயிலிருந்து விழுந்த ஒரு வாக்கியத்தை ஒரு பெண் இருபத்தாறு நாள் மண்வெட்டியால் செதுக்குகிறாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. நபீலாவுக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. "அந்தப் புள்ளட முகத்தப் பாத்துச் செல்லுங்க. செல்லாம என்னோட கதைக்க வாணாம்" என்றாள். எனக்குத் துணிவு வரவில்லை.

சாணி இல்லாமல் ஆணி நிற்கிற பூச்சு வேண்டும். எந்த ஹோட்டலும் அதை அவர்களுக்குப் பழக்கவில்லை. கிடுகுக் குசினியின் பின்பக்க மண் அரைச்சுவரில் ஸக்கியா சிறு சிறு கட்டமாகப் பூசிப் பார்த்தாள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு கலவை. ஆணியாலேயே அதில் இலக்கம் கீறினாள். முப்பதுக்கு மேல் கட்டங்கள். எல்லாவற்றிலும் ஆணி அடித்துப் பார்த்தாள். எல்லாம் விழுந்தன. ஒரு நாள் ஸஃப்னாவின் தலைக்குப் பூசக் கற்றாழை உரித்தாள். எங்கள் கடற்கரை வேலியெல்லாம் காடாகக் கிடக்கிறதே, அதே கற்றாழை. வேலை முடிந்து பார்த்தால் விரல்களில் ஒட்டியிருந்த மண், கற்றாழைச் சாறோடு காய்ந்து இறுகிக் கிடந்தது. கழுவினாள், போகவில்லை. நகத்தால் சுரண்டினாள்; சுலபத்தில் வரவில்லை. அவள் அப்படியே அந்தக் கையோடு எழும்பி ஓடி நெய்னாரிடம் காட்டினாளாம்.

கற்றாழைச் சாறு, மதுரங்குளித் தும்பு மில்லிலிருந்து கொண்டுவந்து விரல் நீளத்துக்கு வெட்டிய தேங்காய்த் தும்பு, சிப்பி சுட்ட சுண்ணாம்பு, களி, உப்புக் கழுவிய மணல். பத்து நாள் ஊறவிட்டு, மிதித்து, முப்பத்தேழாவது கட்டத்தில் பூசினாள். அதில் என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. அவர்கள் வீடு முழுக்கப் பூசத் தொடங்கியதை மட்டும் பார்த்தேன். பூசி முடித்து நாற்பது நாள் காயவிட்டார்கள். சுவர் முழுக்கக் காயாமல் உண்மையான பரீட்சை வைப்பதில்லை என்று அவள் சொல்லிவிட்டாளாம். குசினிச் சுவரில் நின்றது வீட்டுச் சுவரில் நிற்கும் என்று என்ன நிச்சயம்? நிற்காவிட்டால் உள்ளே கால் வைக்க மாட்டேன் என்று சொன்னவள் அவள். சொன்னால் செய்கிறவள் என்பதை அந்த நேரத்தில் ஊரே அறிந்திருந்தது.

நாற்பதாம் நாள் நான் போனேன். நபீலா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள் என்று சொல்வதுதான் சரி. லுஹர் தொழுகை முடிந்த நேரம், அனல் பறக்கிற வெயில். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்ததும் நான் நின்றுவிட்டேன். மண்பானைக்குள் இறங்கியது போல இருந்தது. நாற்பது வருடம் வீட்டுச் சாமான் விற்றவன் நான். வீடு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் என் உடம்புக்குத் தெரிந்தது.

நடு அறையில் ஸக்கியா நின்றாள், தோளில் பை, கையில் சுத்தியல். மற்றக் கையில் அந்த ஆணி. நிமிர்த்தி நிமிர்த்தி அடித்து அது பாதி தேய்ந்துபோயிருந்தது. பக்கத்தில் நெய்னார் ஒரு புது மணிக்கூட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். பத்தொன்பது வருடத்துக்கு முன் உடைந்ததற்குப் பதிலாக அவன் வாங்கி வைத்திருந்தது. ஸஃப்னா கதவில் சாய்ந்திருந்தாள்.

நான் வாயைத் திறந்தேன். "தங்கச்சி, அந்தச் சாணிக் கதைய முதல்ல கிளப்பினது நான்தான்."

"தெரியும் காக்கா" என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க கேட்டது சரியான கேள்வி. கேட்ட எண்ணம்தான் பிழை. அத நீங்களும் அல்லாஹ்வும் பாத்துக்கொள்ளுங்க. இப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன். அவள் பிஸ்மி சொல்லி ஆணியை வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு அடிக்கும் நெய்னாரின் கண் இறுக மூடித் திறந்தது. பூச்சு உதிரவில்லை. வெடிக்கவில்லை. ஒரு மயிரிழைக் கீறல்கூட இல்லை. தண்ணீர் நிறைந்த வாளியை மாட்டினாள். ஆணி அசையவில்லை. எல்லாரும் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றோம்.  மணிக்கூடு நெய்னாரின் மார்பில் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. பிறகு அவள் வாளியை இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க இழுத்துப் பாருங்க காக்கா. ஒங்கட ஆணிதானே."

நான் இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். பிறகு முழுக் கையால். பிறகு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு காலைச் சுவரடியில் ஊன்றி முழுப் பலத்தோடும் இழுத்தேன். என் கைதான் வலித்தது. சுவரில் நெற்றியை வைத்தேன். குளிர்ச்சியாக இருந்தது. "சுப்ஹானல்லாஹ்" என்று என்னையறியாமல் வந்தது.

நெய்னார் மணிக்கூட்டை நீட்டினான். ஸக்கியா அதை வாங்கவில்லை. தோளிலிருந்து காக்கிப் பையைக் கழற்றினாள். பாயில் உட்கார்ந்து, அதற்குள் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். மன்னார்க் காணி உறுதி. முகாமில் கொடுத்த அகதி அட்டை. வாப்பாவின் மரணச் சான்றிதழ். கல்யாணப் பதிவு. ஸஃப்னாவின் பிறப்புச் சான்றிதழ். எல்லாவற்றையும் மகளிடம் கொடுத்தாள். "அலுமாரிக்குள்ள வெய்ங்க மகள்." பையைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினாள். கொஞ்சம் மணல் விழுந்தது. பிறகு எழும்பி வெறும் பையை அந்த ஆணியில் மாட்டினாள்.

"மணிக்கூடு?" என்றான் நெய்னார், மெல்லிய குரலில்.

"அதுக்கு வேற ஆணி அடிப்பம். காக்காட்ட இரிக்கிதானே" என்றாள். "இருவத்தாறு வருஷமா இது என்ட தோள்ல இரிந்த. இனிச் சுவர்ல இரிக்கட்டும்."

நபீலா விம்மி அழுதாள். நானும்தான். ஆம்பிளை அழுதான் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

இது நடந்து மூன்று வருடமாகிறது. அந்த வீட்டைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். ஆண்கள் தண்ணீர்த் தொட்டியையும் கூரையையும் படம் பிடிப்பார்கள். எத்தனை டிகிரி குறைவு என்று நெய்னாரிடம் கேட்பார்கள். அவன் நின்று விளக்கம் சொல்வான். ஆனால் எங்கள் முகாம்களிலிருந்து வருகிற பெண்களை நான் கவனித்திருக்கிறேன். அவர்கள் தொட்டிப் பக்கம் போவதில்லை. நேரே நடு அறைக்குப் போய், பையைக் கொஞ்சம் விலக்கி, அந்த ஆணியைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார்கள். ஒருத்தி இழுத்து முடிந்ததும் அடுத்தவள்.  பிறகு, "கற்றாழை எவ்வளவு, தும்பு எவ்வளவு?" என்று ஸக்கியாவிடம் கேட்பார்கள். இப்போது அப்படி ஏழு வீடுகள் எழும்பிவிட்டன. எனக்குத் தகர வியாபாரம் படுத்துவிட்டது. நான் இப்போது தும்பும் சிப்பிச் சுண்ணாம்பும் எடுத்து விற்கிறேன். வயிறு வளர்க்க வேண்டுமே.

போன மாதம் சித்தி லெய்லா என்றொருத்தி கடைக்கு வந்தாள். மன்னாரிலிருந்து அதே வள்ளங்களில் வந்தவள், புருசன் இல்லை, இன்றைக்கும் கிடுகுக் குடிசையில்தான் இருக்கிறாள். அவளுடைய காணியில் நெய்னாரும் ஸக்கியாவும் சுவர் எழுப்பிக் கொடுத்திருக்கிறார்கள். பூச்சுக் காய்ந்து நாற்பது நாள் ஆகிறது என்று சந்தியில் கதைத்தார்கள். அவள் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு கடைக்குள் வந்து நின்றாள்.

"மூண்டிஞ்சி ஆணி ஒண்டு தாங்க காக்கா."

"ஒண்டு காணுமா?"

"ஓம். ஒண்டு காணும்."

நான் புது ஆணிப் பெட்டியை உடைத்து மேசையில் கொட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பின்னால் இரண்டு பேர் அவசரப்பட்டார்கள். "கொஞ்சம் பொறுங்க" என்று அவர்களை அதட்டினேன். கொஞ்சமும் வளையாத ஒன்று கிடைக்கும் வரை தேடி, அதைச் சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தேன்.